சிவந்த இரும்பும் ஒரு வாளித் தண்ணீரும்

தொண்ணூறுகளில் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பீன்யாவில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அங்கே சோதனைக்கூடம் என்றால் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேஜை, நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இதுவும் போச்சுன்னா பேசாம கல்யாணத்துக்குத் தலையாட்டு" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் வார்த்த பம்ப் பாகங்களில் துளை போடப் போனால் ட்ரில் பிட் பட்பட்டென்று உடைந்தது. சூப்பர்வைசர் முதலாளியிடம், "இரும்புக் கலவை சரியில்ல சார். இந்தம்மாதான் ஓகே சொன்னாங்க" என்று போட்டுக்கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம்!

ஒரு பாகத்தை உடைத்து முதலாளி முன்னால் கொண்டுபோய் வைத்தேன். உடைந்த இடத்தில் நடுப்பகுதி ரவை மாதிரியும் ஓரம் மைதா மாதிரியும் இருந்தது.

"ஒரே கலவைதான் சார். நடுவுல மெதுவா ஆறியிருக்கு, இரும்போட மணி பெருசா வளர்ந்திருக்கு. ஓரம் சட்டுனு குளிர்ந்ததால வளர நேரமில்லாம இறுகிப்போச்சு, அதான் ட்ரில் உடையுது. சிவப்பா இருக்கும்போதே மண் அச்சைப் பிரிச்சு யாரு தண்ணி ஊத்தினது?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "சரக்கு ஏத்த வர்ற லாரிக்காரன் கத்துறான். ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"நான் பண்ணிக்குவேன் அண்ணா, இரும்பு பண்ணிக்காதே! இன்னைக்கு ஒரே தடவை உருக்கின இரும்புல ரெண்டு பாகம் ஊத்துங்க. ஒண்ணை உங்க வழக்கப்படி எடுங்க. இன்னொண்ணு காலை வரைக்கும் மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும். அதுலயும் ட்ரில் உடைஞ்சா நானே போயிடறேன்."

வாய் சொல்லிவிட்டது. யாராவது அதிலும் தண்ணீர் ஊற்றிவிட்டால்? கிளம்பும்முன் அச்சுகளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிவந்து சோதனைக்கூடத்தில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் முதல் பாகத்தில் ட்ரில் உடைந்தது. இரண்டாவதை ட்ரில் மெஷின் மேஜையில் இறுக்கினார்கள். ட்ரில் முணுமுணுத்தபடி உள்ளே இறங்கியது, கருந்தூள் பொலபொலவென்று கொட்டியது.

"இனிமே இவங்க சொல்லாம அச்சைப் பிரிக்கக் கூடாது" என்றார் முதலாளி.

அன்று மத்தியானமே லாரி வந்து ஹார்ன் அடித்தது. சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"பிரிக்கலாமா மேடம்?"

போய் மண்ணுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தேன். அனல் அடித்தது.

"நாளைக்கு."

லாரி காலியாகத் திரும்பியது. வாளியை நான் கடைசிவரை திருப்பிக் கொடுக்கவே இல்லை.