சோலார் தட்டுக்கு வைத்த முப்பத்தாறு பொட்டு

1. எக்ஸ்பர்ட் ஆன நாள்

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், ஆள் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்ததும், தோட்ட மேனேஜர் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் அப்போது மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வயர்மேன். வயர்மேனைத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான். பங்களாவில் பியூஸ் போயிருக்கும், இல்லையென்றால் வயர்மேனுக்கு வேலை போயிருக்கும். அன்று இரண்டும் இல்லை.

"வயர்மேன், சோலார் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் தொரை."

"அது போதும். இனிமே நீதான் எக்ஸ்பர்ட்."

விஷயம் இதுதான். எங்கள் மேல் டிவிஷன் தொழிலாளர் லைனில் பதினெட்டு வீடுகள். ஃபேக்டரி ஜெனரேட்டரிலிருந்து அங்கே கேபிள் இழுக்க முடியாதபடி நடுவில் ஒரு பள்ளம். அதனால் அங்கே எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். ஒவ்வொரு கூரையிலும் ஒரு சோலார் தட்டு, வீட்டுக்குள் ஒரு பேட்டரி, ஒரு டியூப் லைட் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. விற்க வந்தவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தட்டை மாதிரிக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டையும் ஒரு மாசம் ஓட்டிப் பாரு. எது நல்லதுன்னு எழுதிக் குடு. நீ சொல்றதுக்குத்தான் ஆர்டர்" என்றார் துரை.

கம்பெனி ஒரு தடவை வாங்கினால் அதோடு சரி. அடுத்தது வாங்கப் பல வருஷம் ஆகும். பதினெட்டு வீட்டுச் சாயங்காலமும் என் ஒரு கையெழுத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் மலைச் சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் வந்து பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் பனிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் ஆசாமி அது. அதை நம்பித்தான் இவ்வளவு ஏற்பாடும்.

விற்க வந்த இருவரில் ஈப்போக்காரர் ஒரு சீனர். பக்கத்துத் திரிங்காப் ஊருக்கு முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரியில் தன் தட்டையும் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். முகப்புக் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டி, கெட்டியான கண்ணாடி என்று மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். அதே லோரியில் போய்விட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்த கே.எல். ஆள் டை கட்டி, கலர் புத்தகத்தோடு காரில் வந்தார். அவருடைய தட்டுக்கு முகப்பு பிளாஸ்டிக். "பனியிலயும் சார்ஜ் ஏறும். நிலா வெளிச்சத்துல கூட கொஞ்சம் ஏறும் லா" என்றார். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அமாவாசைக்கு?" என்று கேட்டார். கே.எல். ஆள் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். துரையும் அவரும் கிளப்பில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2. பாக்கியத்தின் கூரை

மேல் டிவிஷனில் கடைசி வீடு பாக்கியத்துடையது. மரநிழல் விழாத தகரக் கூரை. அதனால் இரண்டு தட்டையும் அங்கேதான் மாட்டினேன். ஈப்போ தட்டின் விளக்கு முன்னறையில், கே.எல். தட்டின் விளக்கு அடுப்படியில். பேட்டரி, ஆம்ப்ஸ் மீட்டர் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் நான் தினமும் கூரை ஏற வேண்டியதில்லை. மூன்று வேளை போய் முள்ளைப் பார்த்து எழுதினால் போதும்.

பாக்கியம் பகலில் கொழுந்து பறிப்பாள். சாயங்காலம் லைன் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். விளக்குப் புகையில் வருஷக்கணக்காகத் தைத்து அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். முன்னறையில் டியூப் எரிந்த முதல் சாயங்காலம், தையல் மெஷினை அதன் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"அண்ணே, ஊசி ஓட்டை தெரியுதுண்ணே!"

இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நல்ல வெயிலில் ஈப்போ தட்டு இரண்டு ஆம்ப்ஸைத் தாண்டும். கே.எல். தட்டு ஒன்றரையில் நின்று யோசிக்கும். அதன் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஓர் ஓரமாக ஆவி படிவதையும் பார்த்தேன். துரையிடம் சொன்னேன். அவருக்கு அந்தச் சேதி இனிக்கவில்லை.

"அவசரப்படாத லா. மாசம் முடியட்டும்."

கிராணி இதற்கென்றே ஒரு பாரம் தயாரித்திருந்தார். வெயில், அரை வெயில், பனி, பனிக்குள் வெயில், மழை என்று கட்டம் கட்டமாகப் போட்டு, கடைசியில் 'துரை வருகை' என்று ஒரு கட்டம். துரை வந்து பார்த்தால் ஆம்ப்ஸ் கூடுமா குறையுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருப்பார்.

3. ஆயுத பூசை

இந்தச் சமயத்தில் ஆயுத பூசை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் அன்று ரோலர், டிரையர், ஜெனரேட்டர், லோரி, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி என்று எதையும் விடமாட்டோம். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆனால் மலையில் ஒரு தொல்லை உண்டு. லோரிக்கு வைக்கிற பொட்டு, தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பனியில் கரைந்து ஒழுகிவிடும். பொட்டு அழிந்த லோரியை ஓட்ட டிரைவர்களுக்கு மனசு வராது. அதனால் எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு கைவேலை வைத்திருந்தோம். சந்தனத்தைத் தண்ணீரில் குழைக்காமல் வார்னிஷில் குழைப்போம். அடுத்த ஆயுத பூசை வரைக்கும் அசையாது.

மேல் டிவிஷன் கங்காணி அன்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அறுபது வயது, கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

"வயர்மேனு, வெளிச்சம் குடுக்குற மெஷினு எங்க லைனுக்கு வந்திருக்கு. அதுக்குப் பொட்டு வைக்காம வுடலாமா?"

"வச்சிரலாம் மாமா" என்று வார்னிஷ் சந்தனக் கிண்ணத்தோடு கூரையில் ஏறினேன். அந்தக் காலத்துத் தட்டில் வெயிலை வாங்குகிற சில்லுகள் சதுரமாக இருக்காது. வட்ட வட்டமாக, கருநீலமாக, வரிசைக்கு ஒன்பது, மொத்தம் முப்பத்தாறு. ஈப்போ தட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கப் பார்த்தேன். கீழேயிருந்து கங்காணி விடவில்லை.

"எத்தன மூஞ்சி இருக்கு அதுல?"

"முப்பத்தாறு."

"ஒரு மூஞ்சிக்கு வச்சிட்டு மீதிய மூளியா வுடுவியா?"

முப்பத்தாறுக்கும் வைத்தேன். கங்காணி பார்க்கிறார் என்பதால் தாராளமாகவே வைத்தேன், ஒவ்வொன்றும் உள்ளங்கைக் குழி அளவுக்கு. முடித்தபோது கிண்ணம் காலி. கே.எல். தட்டுக்குச் சட்டத்தின் ஓரத்தில் விரலில் ஒட்டியிருந்ததைத் தடவினேன். கீழே சூடம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

மறுநாளிலிருந்து ஈப்போ தட்டு சரிய ஆரம்பித்தது. இரண்டைத் தாண்டிய முள் ஒன்றேகாலுக்கு ஏறவே முனகியது. பேட்டரியைப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், ஒயரை மாற்றினேன். மெஷினுக்குச் சாமி கும்பிட்டதால் கெடுதல் வரும் என்று எங்கள் ஃபேக்டரியில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது. எக்ஸ்பர்ட்டுக்கும் தோன்றவில்லை. சாமான் சோர்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மாசம் முடிந்தது. கிராணி எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, 'ஈப்போ தட்டு நாளுக்கு நாள் பலவீனமடைகிறது, கே.எல். தட்டு நிலையானது' என்று அழகான இங்கிலீஷில் டைப் அடித்தார். புதன்கிழமை அதில் கையெழுத்துப் போட்டேன். துரை என் முதுகில் தட்டினார்.

4. ஏணி

வியாழக்கிழமை வயர்களைக் கழற்றப் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் முன்னறையிலிருந்து அடுப்படிக்குப் போயிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"ஏன் பாக்கியம், இங்க கொண்டாந்துட்ட?"

"முன்னால வெளக்கு மங்கிருச்சுண்ணே. பூசை வரைக்கும் நல்லாத்தான் எரிஞ்சிச்சு. பூசைக்கு அப்புறந்தான் இப்படி."

ஏணியை எடுத்து வைத்தேன். பாக்கியம் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ப் பார்த்தால் முப்பத்தாறு பொட்டும் வைத்தது வைத்தபடி கல்லுபோல் இருக்கிறது. ஒவ்வொரு சில்லும் அடுத்த சில்லோடு கைகோத்து வேலை செய்கிற சாமான் அது. ஒன்றை மறைத்தாலே மற்றதெல்லாம் இழுபடும். நான் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

பாக்கியம் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொடுத்தாள். ஊறவைத்து, பழைய பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். இறங்கி இரண்டு பேரும் உள்ளே போய் மீட்டரைப் பார்த்தோம். முள் இரண்டைத் தாண்டி நின்றது. வயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆர்டர் கடிதம் சனிக்கிழமைத் தபால் பையில் போகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். துரையும் கே.எல். ஆளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா எக்ஸ்பர்ட்! உன் ரிப்போர்ட்ட இவரு ஃபிரேம் போட்டு மாட்டப் போறாராம். என்ன விஷயம்?"

சிரித்துக்கொண்டிருந்த இரண்டு முகத்தையும் பார்த்தேன். தட்டுக்குப் பொட்டு வைத்த எக்ஸ்பர்ட் என்று மலை முழுக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தேன்.

"ஜெனரேட்டர் ஆயில் முடியப்போவுது தொரை" என்றேன்.

5. திங்கட்கிழமை

சனியும் ஞாயிறும் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை போய் எல்லாவற்றையும் கொட்டினேன். துரை கேட்டுவிட்டு டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா கடுதாசிய நிப்பாட்டியிருப்பேன். இப்ப அது கே.எல். போயிருச்சு. சாமிக்குப் பொட்டு வச்சதால மெஷின் தோத்துருச்சுன்னு ஹெட் ஆபீசுக்கு எழுதச் சொல்றியா? உன்னைய வுட்டுட்டு என்னைய மலையவிட்டு எறக்குவாங்க."

கிராணி பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பொட்டுக்குக் கட்டம் இல்லையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பதினெட்டுக் கூரையிலும் பிளாஸ்டிக் தட்டு ஏறியது. துரை ரிப்பன் வெட்டினார். கே.எல். ஆளுக்கு மாலை, எனக்கும் ஒரு மாலை. மாதிரிக்கு வந்த ஈப்போ தட்டு வீணாகக் கூடாது என்று துரை அதைத் தன் பங்களாத் தோட்டத்து விளக்குக்கு மாட்டச் சொன்னார். அது பிரமாதமாக எரிந்தது. ரோஜாச் செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

லைனில் ஒரு வருஷத்துக்குள் பிளாஸ்டிக் மஞ்சள் பூத்தது. ஆவி உள்ளே இறங்கியது. ஆறு மணிக்குப் போட்ட விளக்கு ஏழரைக்கெல்லாம் கண்ணை மூடும். நான் பொட்டைச் சுரண்டியதால் சாமி கோபித்துக்கொண்டது என்று கங்காணி தீர்ப்புச் சொன்னார். பாதி லைன் அதை நம்பியது. ஆறு வருஷம் அந்தக் கூரைகளில் ஏறி இறங்கி, துடைத்து, ஒட்டி, ஒயர் மாற்றிக் காலம் தள்ளினேன்.

பிறகு மேல் டிவிஷனுக்கும் கம்பிக் கரண்ட் வந்தது. பாக்கியம் வீட்டுத் தட்டைக் கழற்றப் போனேன். அவள் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். தையலை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பாக்கியம், ஆர்டர் போறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தொரைகிட்ட சொல்லாம வந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்ண்ணே. முள்ளு ஏறுனத நானும் பக்கத்துல நின்னு பாத்தேனே."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நான் போயி தொரைகிட்ட என்னத்தச் சொல்றது? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தத் தட்டு நல்லது, கண்ணாடியா பிளாஸ்டிக்கா, எத்தனை வாட்ஸ் என்று என்னிடம் கேட்பார்கள். அதெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வேன். தப்பு தெரிந்த அன்றைக்கே, மண்ணெண்ணெய்க் கையோடு ஆபீசுக்குப் போய்விடுங்கள். துரை டீ குடித்துக்கொண்டிருந்தாலும் போய்ச் சொல்லிவிடுங்கள்.