பேர்கனில் அவியாத சோறு

எங்கள் வீட்டில் கப்பலைத் தவறவிட்ட கதையை யார் சொல்கிறார்களோ அதைப் பொறுத்துக் குற்றவாளி மாறுவார். அம்மா சொன்னால் அப்பா. அப்பா சொன்னால் நண்டு. மாமா சொன்னால் நோர்வே நாட்டு மின்சாரம். நான் மட்டும் அன்றைக்கே சரியான ஆளைக் கண்டுபிடித்து எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் அதிகமில்லை என்று நான் நம்பியிருந்த காலம்.

2009 கோடை. அப்பா லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடை. காலை ஆறரைக்கு ஷட்டர் எழும்பும் சத்தத்தைக் கேட்டு எதிர்ப்பக்கத்துக்காரர்கள் மணிக்கூட்டைத் திருத்தலாம் என்று அம்மா சொல்லுவார். அது புகழ்ச்சியா குறையா என்று எனக்குத் தெரியாது. அப்பா எதற்கும் பிந்திப் போனதை மட்டும் நான் கண்டதில்லை.

அந்த வருடம் வசந்தகாலம் முழுக்கப் பெரியவர்கள் வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பார்லிமென்ட் முன்னால் போய் நின்றார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய்ப் புல்லில் இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறேன். பிறகு மே மாதத்தில், வன்னியில் இருந்த பெரியப்பா இல்லை என்று செய்தி வந்தது. அதன்பிறகு வீட்டில் டிவி போடுவதில்லை. பெரியப்பாவை நான் படத்தில்தான் கண்டிருந்தேன். அதனால் வீட்டுக்குள் வந்து குந்திய அந்த அமைதி எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் ஒருநாள் அப்பா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். பனியாறு பார்க்கும் கப்பல் பயணம். டில்பரி துறைமுகத்தில் ஏறினால் ஸ்டவங்கர், பேர்கன், அதற்கடுத்து ஓல்டன். ஓல்டனில்தான் பனியாறு. நான் அந்தப் பள்ளித் தவணையில் பனியாறுகளைப் பற்றி ஒரு புரொஜெக்ட் செய்து, வகுப்புச் சுவரில் ஒரு முழு மூலையைப் பிடித்திருந்தேன். ஆகவே இந்தப் பயணம் எனக்கான பரிசு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பாவின் விரல் ஓல்டனில் அல்ல, பேர்கனில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

பேர்கனில் அப்பாவின் அக்கா இருந்தார். எனக்கு மாமி. இருபத்தொரு வருடங்களுக்கு முன்னால் கலியாணம் பேசி நோர்வேக்குப் போனவர். அவருடைய சூட்கேசைப் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனபோது அப்பாவுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முதலில் அப்பாவிடம் வதிவிடப் பேப்பர் இல்லை. பேப்பர் வந்தபோது கடையும் வந்துவிட்டது. மாமி இங்கே வர டிக்கெட் எடுத்த வருடம் மாமாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை. விமானத்தில் போனால் இரண்டு மணித்தியாலம்தான். எந்த நேரமும் போகலாம் என்ற தைரியத்திலேயே இரண்டு பேரும் இருபத்தொரு வருடத்தைக் கடத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி.

டில்பரியில் கப்பலேறிய கணத்திலிருந்து நேரத்துக்குப் பொறுப்பாளர் நான். யாரும் நியமிக்கவில்லை. கரைக்குப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்காது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நான் என்னையே நியமித்துக்கொண்டேன். ஸ்டவங்கரில் வெள்ளை வெள்ளையாய் மரவீடுகள் நிறைந்த தெருக்களில் நடந்தோம். மீன் டின் அடைத்த பழைய தொழிற்சாலையை மியூசியமாக்கி வைத்திருந்தார்கள். அம்மா அதை நம்ப மறுத்தார்.

"மீன் ரின் பாக்கவோ ரிக்கற் எடுக்கிறது? எங்கட கடையில மூண்டு தட்டு நிறைய இருக்கு," என்றார்.

அப்பா சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அங்கேதான் கண்டேன். அன்றைக்குக் கப்பலுக்குத் திரும்பிய முதல் குடும்பம் எங்களுடையதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தநாள் காலை பேர்கன். நாலரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியே சொல்லிவிட்டு இறங்கினேன். துறைமுக வாசலில் மாமாவும் மாமியும் நின்றார்கள். மாமி உயரம் குறைவு. அவர் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அங்கும் இங்கும் திருப்பி, காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்.

"தம்பி, தலை நரைச்சுப்போச்சடா," என்றார்.

அப்பாவை 'டா' போட்டுக் கூப்பிடுகிற ஒரு ஆள் உலகத்தில் இருப்பது எனக்குப் புதினமாக இருந்தது. அப்பா கழுத்தை வளைத்துக் குனிந்துகொண்டே நின்றார்.

மாமியின் வீடு துறைமுகத்திலிருந்து காரில் அரைமணித்தியாலம், ஒரு மலைச்சரிவில். மகன்மார் இருவரும் ஒஸ்லோவில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் தயாராக இருந்தன. சாப்பிட்ட பிறகு மாமா என்னையும் அம்மாவையும் ஊர் காட்டக் கூட்டிப்போனார். மீன் சந்தையைப் பார்த்தோம். மலைக்கு ஏறும் சின்ன ரயிலில் ஏறி உச்சிக்குப் போனோம். மாமா மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அமைதியான ஆள். உச்சியிலிருந்து எங்கள் கப்பலை அவருக்குக் காட்டி, பனியாறு எப்படி மலையைச் செதுக்குகிறது என்று விளக்கினேன். அந்த நாட்டில் இருபத்தைந்து வருடம் இருந்த மனிதர், முதன்முறை கேட்பவர்போல் தலையாட்டினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மணி ஒன்று. அப்பா சமையலறையில் நிலத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்ததில்லை. நண்டுக்குழம்பு, மீன்பொரியல், கத்தரிக்காய், பருப்பு, எல்லாம் மூடி வரிசையாக இருந்தன. சோறு மட்டும் இல்லை.

இந்தா அவிந்துவிடும் என்றார் மாமி. ஒன்றரைக்கும் அதையே சொன்னார். மூன்றரைக்கு வெளிக்கிட்டால்தான் சரி என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மணிக்குச் சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். ரைஸ் குக்கருக்குள் அரிசியும் தண்ணீரும் சும்மா கிடந்தன. வயர் சுவரில் மாட்டப்படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வயரை மாட்டி, முன்பக்க நெம்பைக் கீழே அமத்தி, சிவப்பு விளக்கு எரிவதை உறுதிப்படுத்திவிட்டு வந்து இருந்தேன். ஒருவரையும் குறை சொல்லவில்லை. நான் பெருந்தன்மையான பிள்ளை.

இரண்டரைக்கு மறுபடி போனேன். வயர் கழன்று கிடந்தது. மறுபடி மாட்டினேன். மாமி ஓடிவந்து, "பிள்ளை, பின்வளவில செரிப்பழம் இருக்கு, போய் ஆய்ஞ்சுகொண்டு வாங்கோ குஞ்சு," என்று ஒரு கிண்ணத்தைக் கையில் தந்து அனுப்பினார். கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்து பார்த்தால் மூன்றாவது தடவையும் வயர் வெளியே. அரிசி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது.

அம்மா கூடத்தில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சாள், சோறு இல்லாட்டிப் பரவாயில்லை. கறியோட ரெண்டு துண்டு பாண் தாங்கோ, காணும்," என்றார்.

"என்ர தம்பி இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்து பாணோ தின்னுறது? ஒரு பிடி சோறு தின்னாமல் அனுப்பிப்போட்டு நான் எப்பிடி இருக்கிறது?" என்றார் மாமி.

எங்கள் ஆட்களில் ஒரு வீட்டுக்குப் போனவர் சமைத்து வைத்ததைச் சாப்பிடாமல் எழும்பினால், அந்த வீட்டு வாசலை மிதிக்காமலே இருந்திருக்கலாம் என்று அர்த்தம். மாமிக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் பனியாற்றுக்குத் தெரியாது. மணி மூன்று இருபது. நான் கூடத்தின் நடுவில் வந்து நின்று, பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாக, மாமிக்கு ரைஸ் குக்கர் போடத் தெரியாது என்றும், நான் மூன்று முறை மாட்டிய வயரை மூன்று முறையும் அவர் கழற்றிவிட்டார் என்றும், இதனால்தான் நாங்கள் பிந்துகிறோம் என்றும் அறிவித்தேன்.

மாமி சேலைத்தலைப்பால் கையைத் துடைத்தார். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா தன் அக்காவைப் பார்த்தார். பிறகு எழும்பி, வெளிக்கிடுவதற்காகப் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"ஆறுதலா அவியட்டும் அக்கா," என்றார்.

"அப்ப கப்பல்?" என்றார் அம்மா.

"போகட்டும்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் பனியாறு, என் வகுப்பு, நான் எல்லோருக்கும் சொல்லி வைத்தது எல்லாம் போச்சு என்று நிலத்தில் விழுந்து அழுதேன். அப்பாவைப் பொய்யர் என்றேன். எதற்கும் பிந்தாத மனிதர், வேண்டுமென்றே சப்பாத்தைக் கழற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாமாதான் எழும்பி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். "கப்பல் கடலைச் சுத்திப் போகுது. நாங்கள் குறுக்கால போவம். நாளைக்கு நீங்கள் பனியாறு பாப்பீங்கள். சரியோ?" என்றார். பிறகு துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்து நோர்வே மொழியில் நெடுநேரம் பேசினார். நாங்கள் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம்.

அதன்பிறகு மாமி உள்ளே போனார். இருபத்தைந்து நிமிடத்தில் சோறு அவிந்துவிட்டது. அந்த வேகத்தை நான் கவனித்தேன், பிழையான முடிவுக்கு வந்தேன். மாமி இப்போதுதான் பழகிவிட்டார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே கீழே எங்கள் கப்பல் நகர்ந்து போக, நாங்கள் நண்டுக்கால் உடைத்துச் சாப்பிட்டோம். நண்டு அருமையாக இருந்தது என்பதைக் கோபத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

விடிய நாலு மணிக்கே வெளிக்கிட்டோம். அங்கே கோடையில் அந்த நேரமே நல்ல வெளிச்சம். மாமா ஓட்ட, மாமியும் கூடவே வந்தார். சுரங்கங்கள், பாலங்கள், காரோடு ஏற்றிக்கொண்டு போகும் ஒரு படகு. நான் பின்சீற்றில் மணிக்கூட்டோடு இருந்தேன். பத்து மணிக்கு ஒரு வளைவு திரும்பியபோது, பச்சைத் தண்ணீரில் எங்கள் கப்பல் நின்றது. நான் கத்திய கத்தலில் மாமா பிரேக் போட்டுவிட்டார்.

பனியாறு என் புரொஜெக்டை விடப் பெரியது. மலைப்பிளவுக்குள்ளிருந்து நீலமாய் இறங்கி ஓர் ஏரிக்கு மேலே நின்றது. அதிலிருந்து வந்த காற்று பல்லைக் கூச வைத்தது. பனி தன் பாரத்தாலேயே அமுங்கி அமுங்கி உள்ளே இருக்கும் காற்று வெளியே போவதால்தான் அந்த நீலம் என்று விளக்கத் திரும்பினேன். அம்மாவும் மாமாவும் கேட்டார்கள். அப்பாவும் மாமியும் இல்லை.

அவர்கள் கொஞ்சம் கீழே ஒரு கல்லில், பனியாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். மாமி கொண்டுவந்த சோற்றையும் மிச்சக் கறியையும் ஒரு சட்டியில் குழைத்து, உருண்டை உருண்டையாய் உருட்டி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். முப்பத்தொன்பது வயது மனிதர் கையை நீட்டி வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். சுற்றிவர ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போனது. இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் பார்க்காமல் இருக்கிறீர்களே என்று ஏசினேன்.

"வடிவா இருக்குப் பிள்ளை," என்றார் மாமி, திரும்பாமலே.

பெரியப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மூன்று பேராய்ப் பிறந்தவர்கள் இப்போது இரண்டு பேர். நான் கிட்டப் போனதும் பேச்சை நிறுத்தி, எனக்கும் ஓர் உருண்டை தந்தார்கள்.

பின்னேரம் கப்பலடியில் பிரிந்தோம். அம்மாவும் நானும் கன்னத்தில் கொஞ்சி விடைபெற்றுவிட்டோம். அப்பாவும் மாமியும் ஒருவர் கையை ஒருவர் விடாமல், போன் எடு, மருந்து போடு என்று முன்பே சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பனியாறு பார்த்த சந்தோஷத்தில் நான் எல்லோரையும் மன்னித்திருந்தேன். மாமிக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவரைத் தனியே இழுத்து, முதலில் வயரை மாட்ட வேண்டும், பிறகு நெம்பை அமத்த வேண்டும், அது தானாக மேலே வரும்வரை வயரைக் கழற்றவே கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். மாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"ஓம் பிள்ளை, பிழைதான். எனக்கு அது சரிவரேல்லை," என்றார்.

கப்பல் கரையை விட்டு விலகியபோது அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் மாமி சின்னதாகிக்கொண்டே போனார். அப்பாவின் முகம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கும் என்னிடம் விடை இருந்தது. மறுபடி ஒருநாள் போனால் மறுபடியும் கப்பல் தவறிவிடுமே என்று பயப்படுகிறார். அவருடைய கையைப் பிடித்துத் தைரியம் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. நான் மாமிக்கு எல்லாம் பழக்கிப்போட்டன். இனி நாங்கள் போனால் நேரத்துக்குச் சோறு அவிஞ்சிடும், உடனே வெளிக்கிடலாம்."