மேஜைக்குப் பின்னால் போன வரி

சிதம்பரத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் போடுவது என் வேலை. ஆகஸ்ட் வந்தால் போதும், தேசபக்திப் பொன்மொழி கேட்டு வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குப் பாதி வரிதான் தெரியும். சரியோ தப்போ என் நாடு என்று போடச் சொல்வார்கள். தப்பாக இருந்தால் திருத்த வேண்டியதும் நம் வேலை என்று பின்னால் ஒருவர் சேர்த்துச் சொன்னாரே, அதையும் போடலாமா என்றால், "எடம் பத்தாது, கொடிய பெருசா போடு" என்பார்கள். தேசபக்தி அயோக்கியர்களின் கடைசிப் புகலிடம் என்பதை வைத்துக்கொண்டு, நாட்டை நேசிப்பதே தப்பு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அது வேஷம் போடுகிறவர்களைச் சொன்னது, ஐயா! யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எல்லாவற்றையும்விட அதிகம் ஓடுவது இதுதான்: நாடு உனக்கு என்ன செய்தது என்று கேட்காதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள். எங்கள் ஊராட்சித் தலைவரும் சுதந்திர தின கிராம சபைக்கு அதைத்தான் கேட்டார். இரண்டு வரியையும் முழுசாகப் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் கிள்ளையைத் தாண்டி, கடலோரத்தில். அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடலுக்குப் போன போட்டெல்லாம் ஆறு கடலில் சேரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். தரை தட்டி நிற்கிற போட்டை அலை புரட்டிப் போட்டுவிடும். பக்கத்து வீட்டுப் போட்டு அப்படிக் கவிழ்ந்து ஒருவருக்குக் கால் போயிற்று. என் அண்ணனும் தினம் அந்த வழியாகத்தான் வருவார். அவர் வந்து சேரும்வரை அண்ணிக்குச் சோறு இறங்காது.

எங்களில் ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்களும் வாய் திறக்கக்கூடிய கூட்டம் கிராம சபை ஒன்றுதான். அண்ணி எழுந்து, முகத்துவாரத்தைத் தூர்வாரத் தீர்மானம் போடுங்கள் என்றார். தலைவர் எங்களுக்கு மாமா முறை. சிரித்துக்கொண்டே பின்னால் கட்டியிருந்த பேனரைக் காட்டினார்.

"சுதந்திர தினம் அதுவுமா இதுவா பேச்சு? இந்தாம்மா, என்ன போட்டிருக்குது பாரு. நாடு என்ன செஞ்சிதுன்னு கேக்கக் கூடாது."

பேனரைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். கீழ் வரி மேஜைக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம்! "மாமா, கீழ இன்னொரு வரி இருக்குது, அதையும் படிங்க" என்று கத்தினேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

அண்ணி உட்காரவில்லை. மேஜையைச் சுற்றிப் போய்ப் பேனரைத் தூக்கிப் பிடித்து, மறைந்திருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"நாட்டுக்கு என்ன செய்யலாம்னு கேக்கணுமாம். சரி மாமா, கேக்கறேன். ஊருக்கெல்லாம் மீன் புடிச்சிப் போடறோம். புடிச்சவரு உசுரோட கரைக்கு வரணுமா, வேணாமா? அதைத்தானே கேட்டேன். இது கேக்கக் கூடாததா?"

பெண்கள் வரிசையில், கால் போனவரின் மனைவிதான் முதலில் கை தூக்கினார். அப்புறம் எல்லாக் கையும் உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். தீர்மானம் எழுதினால் மணல் தானாகவா நகரும்? அதே தலைவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டத்தில் போய் நின்றார். எங்களுக்காகக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். தை பிறந்ததும் மணல் அள்ளும் எந்திரம் வந்து இறங்கியது.

அண்ணன் போட்டு தரை தட்டாமல் உள்ளே வந்த முதல் நாள், அண்ணி இருந்ததிலேயே பெரிய கொடுவா மீனை எடுத்து என்னிடம் நீட்டினார். "தலைவர் மாமா வூட்ல குடுத்துட்டு வா தம்பி."

"அவருக்கா? அன்னிக்கு உங்க வாய அடைக்கப் பாத்தாரே!"

"அன்னிக்கு அடைச்சாரு. அப்புறம் நமக்காகப் போயி வாரா வாரம் கேட்டாருல்ல? உங்க அண்ணன் உள்ள குந்தி சோறு துன்றாரு, பாரு. மசமசன்னு நிக்காம போ."

போனேன். தலைவர் வாசலிலேயே மீனை வாங்கிக்கொண்டார். உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடுத்த கூட்டத்துக்கும் உங்க அண்ணிய வரச் சொல்லு தம்பி. கேக்க வேண்டியது இன்னும் ஜாஸ்தி இருக்குது."