மூன்றாம் மாடியில் பெண் பார்த்தார்கள்

என்னைப் பெண் பார்த்தது பினாங்கில், ஒரு சீனாக்காரர் தேநீர்க் கடையின் மூன்றாம் மாடியில். கொல்லிமலையில் இதை யாரிடம் சொன்னாலும் கதை விடுகிறேன் என்பார்கள். மலையில் எங்கள் குண்டூர் நாட்டிலிருந்து நானும் அம்மாவும் கப்பலேறிப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அங்கே பல வருஷமாக மிளகு வியாபாரம். மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும். அதனால், தான் மிளகு போடும் அந்தப் பெரிய கடைக்கே மாப்பிள்ளை வீட்டாரை அப்பா கூப்பிட்டுவிட்டார். கான்டன் பக்கத்துச் சமையல். பணக்காரர்கள் மட்டுமே படியேறுகிற இடம்.

மாப்பிள்ளை எனக்குப் புதியவர் இல்லை. அதே மலையில் திண்ணனூர் நாட்டுக்காரர். நாங்கள் வந்த கப்பலில்தான் அவரும் தன் தாய்மாமனோடு வந்தார். அம்மா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான். எனக்கு அது போதுமாயிருந்தது. கட்டினால் இவரைத்தான் என்று அம்மாவின் காதில் போட்டேன். அம்மா அதை அப்பாவின் காதில் போட்டாள்.

அன்று காலை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலே பளிங்கு மேசைகள், சுவர் முழுக்கக் கண்ணாடி, தலைக்கு மேலே மின்விசிறி. பட்டுச் சட்டை போட்ட பெரியவர்கள் தங்கள் பாட்டுக் குருவிகளைக் கூண்டோடு தூக்கி வந்து ஜன்னலோரம் மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். குருவி காற்று வாங்க மூன்றாம் மாடி! பெண்கள் கழுத்தில் வார் மாட்டித் தட்டுச் சுமந்து, இருப்பதைக் கூவிக்கொண்டே மேசை மேசையாக வந்தார்கள். தட்டு நிறையச் சின்னச் சின்ன மூங்கில் கூடைகள். மூடியைத் திறந்தால் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. ஒன்றில், மாவுக்குள் இருந்த இறால் வெளியே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவ்வளவு மெல்லிய மாவு. இன்னொன்றில் பஞ்சு வெடித்த மாதிரி வெள்ளை உருண்டைகள். மாப்பிள்ளையைப் பார்ப்பதா, கூடையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்பா பெருமை தாங்காமல் வந்த கூடையையெல்லாம் இறக்கச் சொன்னார். "எடுத்துக்குங்க, சூடு ஆறுதுங்க."

மாமன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "டீத்தண்ணி வேணாக் குடிக்கிறோமுங்க. பேச்சு முடியாம கை நனைக்கிற வழக்கம் இல்லீங்களே."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அது அப்பாவுக்குத் தெரியாததா? கடைதானே, வீடில்லையே என்று நினைத்துவிட்டார்.

"இது என்ர ஊடு இல்லீங்க, சீனாக்காரர் கடைங்க" என்றார்.

"கூப்பிட்டது நீங்க. அப்ப இது உங்க ஊடுதானுங்க."

இருவரும் விடவில்லை. எங்கள் ஆட்கள் கப்பலேறினால் வழக்கமும் கூடவே ஏறிவிடும். விருந்தாளிக்கு முன்னால் நாங்களும் கை வைக்க முடியாது. ஒன்பது கூடைகள் சும்மா உட்கார்ந்திருந்தன. பத்தாவதை இறக்கிய பெண், யாரும் எதையும் தொடாததைப் பார்த்துவிட்டு, சமையலில்தான் குறையோ என்று முகம் வாடிப் போனாள்.

பிறகு மாமன் சொன்னார். "மலைக்குக் காயிதம் போட்டு அவங்கம்மாளைக் கேட்டுச் சொல்றோமுங்க. இப்ப என்ன அவசரம்?"

அவருக்கு அவசரமில்லைதான். கடிதம் கடல் தாண்டி, சேந்தமங்கலம் போய், மலையேறி, பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாமனுக்கே கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அம்மா விசாரித்து வைத்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆசை, பசி, கோபம் மூன்றும் சேர்ந்தால் எனக்குப் புத்தி நிற்காது, இன்றைக்கும் அப்படித்தான். கடைசியாக வந்த கூடையைத் திறந்து, ஒரு இறால் உருண்டையைக் கையால் எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். உருண்டை உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை; கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் அந்த ருசி! பல்லில் பட்டதும் இறால் நறுக்கென்றது, இனிப்பும் உப்புமாகச் சாறு இறங்கியது. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று மென்றேன்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வாய் நிறைய வைத்துக்கொண்டு வேகமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் கை நீட்டி, அதே கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

மாமன் பதறிவிட்டார். "அட சாமி, என்ன காரியம் பண்ணிட்டே! பசிச்சா வெளிய போயித் தின்னிருக்கலாமில்ல?"

"பசிக்குத் திங்கலீங்க மாமா" என்றார் அவர், மென்றுகொண்டே. "தெரிஞ்சேதான் தின்னேன்."

அவர் பக்கத்துக் கூடையின் மூடியை எடுத்துவிட்டு, கூடையை என் முன்னால் தள்ளினார்.

"இது என்னதுன்னு தெரியலீங்க. நீங்களே முதல்ல தின்னு பார்த்துச் சொல்லுங்க."