பள்ளம் என்று எழுதினேன்

ஒரே ஒரு சொல்லை வைத்து நான் அரசாங்கத்தை ஏமாற்றினேன். கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நன்றாகத் தெரிந்து, நிதானமாக, கறுப்பு மையில், என் அழகான கையெழுத்தில் எழுதி ஏமாற்றினேன்.

அந்தச் சொல் என் அக்காளின் கணவரைக் கொண்டுபோய்விட்டது.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். பாதிக் கதைக்குத் தீர்ப்பு எழுதும் ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே, சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். தொண்ணூறுகளின் நடுவில், ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் சனம் வழிவழியாகத் தோட்டங்களில் கூலிக்குப் போன சனம். பிறகு விசைத்தறிக்குப் போனது. எங்கள் வளவுத் தெருவில் வரைபடம் வரையப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இன்றைக்கும் உண்டு!

நாங்கள் பதினான்கு குடும்பம், தறிப்பட்டறைக்காரர் ஒருவரின் லைன் வீடுகளில் குடியிருந்தோம். அறை ஒன்று, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. அவருக்கு இன்னும் தறி போட இடம் வேண்டியிருந்தது; ஆடி மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், இடம் அவருடையது.

எங்கே போவது? எங்களுக்கு இடம் விற்க ஊரில் எவரும் முன்வரவில்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டுமா என்ன? நாங்கள் யார் என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். கடைசியில் ஒரே ஒரு தோட்டத்துக்காரர் வடக்கே தரிசாகக் கிடந்த தம் நிலத்தைத் தர இசைந்தார். அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பள்ளம் என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? குழி... தாழ்ந்த இடம்... மண்ணைக் கொட்டினால் மூடிவிடக்கூடிய ஒன்று. அப்படித்தானே?

எங்கள் கொங்குச் சீமையில் ஓடைக்குத்தான் பள்ளம் என்று பெயர். வருசம் முழுக்க வறண்டு, மணலும் வேலிக்காத்தான் செடியுமாக, வண்டித்தடமாகவே கிடக்கும். என்றைக்கோ ஒருநாள், மேற்கே எங்கோ மழை கொட்டினால், இங்கே சொட்டுத் தூறல் இல்லாதபோதே செந்தண்ணீர் புரண்டுகொண்டு வரும். உங்கள் ஊரில் பள்ளம் இருக்கும். எங்கள் ஊரில் பள்ளம் வரும்! “பள்ளம் வந்துருச்சு” என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடுவோம். பன்னிரண்டு வயதில் அதே பள்ளத்தில் ஓர் எருமைக்கன்று உருண்டு போனதை நின்று பார்த்தவன் நான். ஆகவே, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

விதியும் தெரியும். ஓடைக்கரையிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் வீடு கட்ட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டு வரைந்து பார்த்தேன். பதினான்கு சைட்டில் ஐந்துதான் தேறியது. அனுமதி இல்லாவிட்டால் கதவு எண் இல்லை, கரண்ட் இல்லை. நாளைக்கே வந்து இடித்துத் தள்ளினால் ஏன் என்று கேட்க நாதியில்லை.

மீதி ஒன்பது குடும்பத்தை நான் எங்கே கொண்டுபோய் வரைவது? சொல்லுங்கள்... காகிதத்துக்கு வெளியிலா?

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. மனையை ஒட்டி ஆறு, ஓடை, வாய்க்கால், குளம் ஏதேனும் உண்டா? பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற சின்னப் பள்ளம் அது. நில அளவைப் படத்தில் அதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. ஒன்றியத்துக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி தஞ்சாவூர்க்காரர் என்பதும் எனக்குத் தெரியும்.

‘இல்லை’ என்று எழுதினேன். அதன் கீழே, குறிப்பு என்ற இடத்தில், ‘மனையின் வடபுறம் பள்ளம் உள்ளது’ என்று எழுதினேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்! ஊரில் எவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். சித்திரை வெயில். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் நடுவே நின்றார். யாரிடமும் டீகூட வாங்கிக் குடிக்காத மனிதர். பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

“இதானாய்யா நீ எழுதியிருக்கிற பள்ளம்?”

“ஆமாங்க சார்.”

“மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?”

“ஒரு சொட்டு நிக்காதுங்க சார்.”

நின்றதே கிடையாது, ஓடத்தானே செய்யும்! அவர் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “என்ன பெரிய பள்ளம், ரொப்பிட்டாப் போச்சு” என்றார். நானும் சிரித்தேன்.

நான்கு நாளில் பச்சை மையில் உத்தரவு வந்தது. பள்ளத்தை மண் கொட்டிச் சமப்படுத்திய பிறகு வீடு கட்டிக்கொள்ளலாம்! ஓடையைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட விதி, ஓடையை மூடச் சொல்லி ஆணையிட்டது. அன்றைக்கு என் அறைக்குள் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்... ஆம், சிரித்தேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது என்ன ஒப்புதல்?

இனி என் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியது எனக்கு எளிது.

என் அக்காள் பெயர் மாராத்தாள். தறி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவள். அவள் கணவரை நான் மாமா என்பேன். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். பகலெல்லாம் கயிற்றுக்கட்டிலில்தான் கிடப்பார். சைட்டுகளைப் பிரித்து வரைந்தபோது மூலைச் சைட்டை அக்காளுக்கு வைத்தேன். மற்றவற்றைவிட அது கொஞ்சம் பெரிது. வாசலில் கட்டில் போடலாம், மாமாவுக்குக் காற்று வரும், இரண்டு ஆடு கட்டலாம். பிளான் போடுகிறவனுக்கு உடன்பிறந்தவள்மேல் இருக்கும் பாசத்தை வேறு எப்படிக் காட்டுவது? இரண்டு அடி கூட்டித்தான் காட்ட முடியும்.

அந்த மூலைதான் பள்ளத்துக்கு மிக அருகில் இருந்தது.

கொத்தனாருடைய தண்ணீர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தவனும் நானே. மூலைச் சைட் தாழ்வு என்று குழாய் காட்டிவிட்டது. பள்ளத்தை மூடினால் வருகிற தண்ணீர் எங்கே திரும்பும் என்று எனக்குப் புரியாமல் போகுமா? புரிந்தது. ஒன்றரை அடி பேஸ்மட்டம் ஏற்றிக் கட்டினால் போதும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். வந்தால்தானே... பதினைந்து வருசமாக வரவில்லையே...

டிராக்டரில் மண் வந்து விழுந்த அன்று அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏங்கண்ணு, பள்ளம் வந்துச்சுன்னா என்ன பண்றது? மாமன் எந்திரிச்சு ஓட மாட்டாரே.”

எல்லோருக்கும் பள்ளத்தைத் தெரியும். ஆனால் வாய்விட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் படித்தவன் என்று நம்பிக் கேட்டாள்.

“வராதுங்க்கா. ரொப்பிப்போட்டா அப்புறம் வரவே வராதுன்னு ஆபீசரே சொல்லிப்போட்டாருங்க்கா.”

அந்த மனிதர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. என் பொய்யை அவர் வாயில் வைத்து என் அக்காளிடம் கொடுத்தேன். அவள் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

இரண்டு ஐப்பசி ஒன்றும் இல்லாமல் கழிந்தன. மூன்றாவது ஐப்பசியில் வந்தது. பட்டப்பகல், மூன்று மணி இருக்கும். ஊரில் வெயில் அடித்தது. எல்லோரும் தறியில் இருந்தார்கள். தறிச்சத்தத்தில் வெளியே நடப்பது எதுவும் காதில் விழாது. மண் மூடிக் கிடந்த தன் வழியைக் காணாமல் தண்ணீர் மூலைக்குத் திரும்பியது. என் ஒன்றரை அடியை அது மதிக்கவில்லை. மாமாவால் கத்தக்கூட முடிந்திருக்காது, அந்த மூச்சுக்கு... வடிந்த பிறகு பார்த்தபோது கட்டில் உள்சுவரோரம் ஒதுங்கியிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே அவர் கிடந்தார்.

மற்றப் பதின்மூன்று வீடுகளுக்கும் ஈரம்கூடப் படவில்லை.

விசாரணை நடந்தது. வேறு அதிகாரி ஒருவர் வந்து, கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“ஓடைன்னு ஏன் எழுதல?”

“எங்கூர்ல ஓடைன்னு யாருமே சொல்றதில்லீங்க சார். பள்ளம்னுதானுங்க சொல்லுவோம். உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தேனுங்க. ஆபீசரே வந்து நேர்ல பாத்துட்டுத்தானுங்க உத்தரவு போட்டாரு.”

அங்கே நின்ற உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் எழுத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று முடிந்தது. டீகூடக் குடிக்காத அந்தத் தஞ்சாவூர்க்காரரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள். போகிற அன்று என் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்று என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டாரோ, என்னவோ... நான் எழுந்திருக்கவில்லை.

சரி. இப்போது உங்கள் தீர்ப்பு என்ன?

விதியை மீறியதற்கு என்றால், உங்கள் தீர்ப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்! அதே பள்ளத்தில், எங்களுக்கு மேற்கே, ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பாதிப் பள்ளத்தை விழுங்கிவிட்டு நிற்கிறது. அதன் விண்ணப்பத்தில் என்ன சொல் எழுதியிருந்தது என்று எவராவது கேட்டதுண்டா? அதில் நீங்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். மேட்டு நிலமெல்லாம் ஒருவர் கையில் இருக்கும்போது, தாழ்விடத்தில் வீடு கட்டாதே என்று சொல்வது யாருக்குச் சொல்வது? எங்களுக்கு மேட்டில் ஒரு துண்டு நிலம் கொடுத்துவிட்டு அந்த விதியை என் முன்னால் வைத்திருந்தால், இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

பதினான்கு வீடுகளும் இன்றும் நிற்கின்றன. கதவு எண்ணோடு நிற்கின்றன. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். இன்றைக்கு அதே விண்ணப்பத்தை நீட்டினால், அதே இடத்தில் அதே சொல்லை எழுதுவேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அக்காளிடம் சொன்ன ‘வராது’...

அதை அதிகாரிக்காகச் சொல்லவில்லை, பதின்மூன்று குடும்பத்துக்காகவும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூலைச் சைட்டை விட்டுவிட்டு அவள் என் சைட்டுக்கு வந்திருப்பாள். நான் மூலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான். எனக்கு ஓடக் கால் இருந்தது! அவள் கேட்ட அந்த நிமிடத்தில் இது எனக்குத் தோன்றியதா, தோன்றியும் தள்ளிவிட்டேனா? இத்தனை வருசமாகக் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு நானே கொடுக்கும் பதிலும் பள்ளம் என்ற சொல்லைப் போலவே இருக்கிறது.

பள்ளத்தை மறுபடியும் நாங்களே வெட்டித் திறந்துவிட்டோம். அக்காள் மூலை வீட்டைவிட்டு வர மறுத்துவிட்டாள். அவர் இருந்த வீடு என்கிறாள். ஒவ்வோர் ஐப்பசியிலும் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவாள். அப்போதெல்லாம் அந்த அதிகாரியை மண் வாரித் தூற்றுவாள்.

“வெளியூரான், பள்ளம்னா என்னன்னு தெரியாம ரொப்பச் சொல்லிப்போட்டான். வராதுன்னு வேற சொன்னானாமே, பாவி... அவன் நல்லாருப்பானா கண்ணு?”

நான் அடுத்த செங்கல்லை எடுத்துக் கொடுப்பேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பாரத்தை இறக்கிவைக்க என்று நினைத்துவிடாதீர்கள். அச்சில் வந்தால் ஊரே படிக்கும், நீங்கள் படிப்பீர்கள், அவள் படிக்கமாட்டாள். என் அக்காளுக்கு எழுத்துத் தெரியாது. அதையும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் வரக்காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நிரம்பியிருந்த தாள்களை எட்டிப் பார்த்தாள்.

“என்ன கண்ணு இத்தன எழுதற? யாருக்காச்சும் விண்ணப்பமா?”

“ஆமாங்க்கா.”

“எழுதிக் குடு சாமி. நீ எழுதுனா எந்த ஆபீசரும் தட்டமாட்டாங்க.”