சொட்டச் சொட்ட ஒரு வாக்கியம்

அப்பாவுக்கு ஆங்கிலத்தின் மேல் இருந்த பக்தி சாமி மேல்கூட இருந்ததில்லை. நாங்கள் கல்பாக்கத்தில் அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். அம்மாவின் தம்பி படாளத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். தமிழில் பி.ஏ. படித்தவர். அவருக்கு அப்பா தினமும் ஓர் ஆங்கிலச் சொல் கொடுப்பார். மறுநாள் அதை வைத்து மாமா ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அது அன்றைக்கு உண்மையாகவே நடந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். புத்தக வாக்கியம் சொன்னால் அப்பா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, செல்லாது என்று தலையை ஆட்டிவிடுவார்.

சித்திரை வெயிலில்தான் 'டிரெஞ்ச்டு' வந்து சேர்ந்தது. சரியாகக் காயாத துண்டு 'டாம்ப்', துவட்டாத தலை 'வெட்', உடுப்பெல்லாம் நனைந்து சொட்டச் சொட்ட நின்றால்தான் 'டிரெஞ்ச்டு' என்று அப்பா விளக்கினார்.

"இந்த வெயில்ல எங்க போய் நனையறது மாமா? கொழாய்லயே தண்ணி வர்ல" என்றார் மாமா.

"அது உன் பாடு மச்சான்."

மறுநாள் சனிக்கிழமை. மாமாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நேர்காணல். எல்லாம் ஆங்கிலத்தில்தான் கேட்பார்களாம். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஊரில் தாத்தா முகத்தில் விழிக்க முடியாது. அப்பா தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். அம்மா விபூதி பூசி அனுப்பினாள்.

நான் இட்லி தின்று முடிப்பதற்குள் மாமா வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர்.

"ஐ யாம் டிரெஞ்ச்டு, மாமா."

பஸ்ஸுக்கு நிற்கும்போது தண்ணீர் லாரியின் குழாய் பிடுங்கிக்கொண்டு மேலே கொட்டிவிட்டதாம்.

"இத்தோட எப்டி மாமா அவங்க முன்னாடி போய் நிக்கறது?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "'ஐ காட் டிரெஞ்ச்டு'ன்னு சொல்லணும். ஆனா வார்த்தைய சரியான எடத்துல போட்டுட்ட" என்றார். நேர்காணல் போன வருத்தம் அவருக்கு மத்தியானம்தான் வந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அம்மா சட்டையை வாங்கிப் பிழிந்தாள். பிழிந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது முகத்திலேயே தெரிந்தது. கடல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். பிடித்துவைத்திருந்த நல்ல தண்ணீரில் சட்டையைத் திரும்பத் திரும்ப அலசினாள். பக்கெட்டின் அடியில் மணல் தங்கியதை நானும் பார்த்தேன். லாரித் தண்ணீரில் மணல் இருக்காதா என்ன?

சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். "அவன் ஊருக்கே போவட்டும்ங்க. நெலத்த பாத்துக்கினு இருக்கட்டும். இதெல்லாம் அவனுக்கு வேணாம்."

அப்பா எவ்வளவோ வாதாடினார். மாமா தலையைத் தூக்கவேயில்லை. "சர்தாங்க்கா" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அம்மா மேல் தாங்க முடியாத ஆத்திரம். இவ்வளவு அழகாக வாக்கியம் சொன்னவரைப் போய் ஊருக்குத் துரத்துகிறாளே, இவளுக்குத் தம்பி மேல் துளிகூடப் பாசம் இல்லை என்று முடிவுகட்டி, மாமா பஸ் ஏறிய பிறகும் அவளோடு நான் பேசவில்லை.