விபத்துப் பதிவேட்டின் மூன்றாம் கட்டம்

ஜனவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, திருவாளர் மெர்வின் கிளூலோ கண் விழித்தபோது கட்டிலில் இல்லை. சுவரின் மேல் படுத்திருந்தார். அவர் மேல் அவருடைய மனைவி கிளெனிஸ். கிளெனிஸ் மேல் இரண்டு போர்வைகள், ஆறிப்போன வெந்நீர்ப் பை ஒன்று, எதிர் அலமாரியிலிருந்து வந்து சேர்ந்த புத்தகங்கள் பதினொன்று.

"மெர்வ், ஏன் என்னைத் தள்ளுற?"

"நான் எங்க தள்ளுறேன்? நீதான் என் மேல கிடக்கிற."

"ஆசைப்பட்டா வந்தேன்? வழுக்கிட்டு வந்தேன்."

நாற்பத்தாறு வருட இல்லறத்தில் இவ்வளவு நெருக்கம் கடைசியாக எப்போது வாய்த்தது என்று யோசிக்க இருவருக்கும் நேரமில்லை. படகு சாய்ந்து கிடந்தது.

ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடி அகலம். தாழ்வாரத்தை அறுத்துத் தண்ணீரில் விட்டது போன்ற படகு. பெயர் 'பொறுமை'. பெயர் வைத்தவர் மெர்வின். தன்னிடம் இல்லாதது படகிலாவது எழுதியிருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஸ்டோக் பக்கத்துத் தரை ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, ஏணியில் ஏறிய ஒவ்வொருவரையும் இறங்க வைத்து, ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டை விற்று இந்தப் படகை வாங்கினார். ஆறு வருடமாயிற்று.

கோடையில் கால்வாயில் வாழ எவராலும் முடியும். குளிர்காலம்தான் ஆளைச் சோதிக்கும். எழுந்ததும் ஜன்னல்களில் வழிகிற தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிய வேண்டும். கரி அடுப்பில் சாம்பல் வார வேண்டும். கூரையில் உள்ள சூரியத் தகடு நவம்பரில் விடுப்பில் போனால் மார்ச்சில்தான் வேலைக்குத் திரும்பும். அலமாரியில் வைத்த செருப்புக்குப் பச்சை மீசை முளைக்கும். கக்கூஸ் பெட்டி நிறைந்தால் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைப்பாதையில் ஒரு மைல் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் அன்பாக வணக்கம் சொல்வார்கள். ஒருவரும் நின்று பேச மாட்டார்கள். இவை போதாதென்று, ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டப்படிதான் நேற்று மாலை கீழ் லாக்கை, அதாவது தண்ணீர் நிரப்பிப் படகை மேல்மட்டத்துக்கு ஏற்றும் கதவுத் தொட்டியை, தாண்டி மேலே வந்து கட்டினார்கள்.

வந்த இடத்தில் இப்போது தண்ணீர் இல்லை.

மெர்வின் ஜன்னலைத் துடைத்துப் பார்த்தார். கால்வாய் இருந்த இடத்தில் கறுப்புச் சேறு. சேற்றில் ஒரு சைக்கிள், கடைத் தள்ளுவண்டிகள் இரண்டு, ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி. நடுவில் இரண்டு வாத்துகள் நின்றுகொண்டிருந்தன. நீந்த வந்து நடக்க நேர்ந்த அவமானம் அவற்றின் முகத்தில் தெரிந்தது.

கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன வாத்து, உள்ள உசுரோட இருக்கீங்களா?"

இந்தப் பக்கத்தில் போலீஸ்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் எல்லோரையும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் அடுத்த படகு ரேண்டல். முன்னாள் தபால்காரர், தனிக்கட்டை. அவருடைய படகும் சேற்றில்தான் கிடந்தது. ஆனால் அது தட்டை அடி கொண்டது. தட்டில் வைத்த மீன் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தது.

"இருக்கோம்," என்றார் மெர்வின், மேல் பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி. "எவனோ மதகைத் திறந்துபோட்டுப் போயிருக்கான்."

"அப்படித்தான் தெரியுது. எவனா இருக்கும்?"

இந்த இடத்தில் மெர்வின் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும். பாதுகாப்பு அதிகாரிக்கு வாய்த்த ஜன்னல் மேடை. கீழே கேட்க ஒரு ஆள். விடுவாரா?

"எவனா இருந்தா என்ன? அவனுக்கெல்லாம் படகு எதுக்கு? லாக்ல ஏறி முடிச்சதும் மேல் மதகை இறக்கணும். இது எல்.கே.ஜி. பாடம். கீழ்க்கதவு சல்லடை மாதிரி ஒழுகும்னு ஊருக்கே தெரியும். மதகு திறந்திருந்தா விடியறதுக்குள்ள மொத்தமும் வடிஞ்சுடும்னு தெரியாதா? அந்த ஆளோட உரிமத்தைப் புடுங்கணும். பேரை அறிவிப்புப் பலகையில எழுதிப் போடணும்."

"கொட்டை எழுத்துல," என்றார் ரேண்டல்.

"சிவப்பு மையில!"

ரேண்டல் கைபேசியைக் காட்டினார். "கால்வாய் ஆபீசுக்குச் சொல்லிட்டேன். ஜோலீன் வந்துக்கிட்டிருக்கா. ரெண்டு பேருமாப் போய்க் கீழ் லாக்கைப் பார்க்கிறோம். எவன்னு தெரிஞ்சுடும்."

மெர்வின் திருப்தியோடு தலையை உள்ளே இழுத்தார். தானும் கூடப் போய்ப் பார்ப்பது நல்லது என்று மதகுச் சாவியை எடுக்கக் கை நீட்டினார். மதகை ஏற்றி இறக்குகிற, எல் எழுத்து மாதிரி வளைந்த இரும்புச் சாவி அது. கதவருகே அதற்கென்று ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே 'சாவி இங்கே' என்று அவர் கைப்பட எழுதிய அட்டை.

அட்டை இருந்தது. சாவி இல்லை.

நேற்று மாலை நடந்ததெல்லாம் அவர் நினைவில் வரிசையாக வந்து நின்றது. இருட்டுகிற நேரம். விரல் மரத்துப் போன குளிர். லாக் நிறைந்தது, கதவைத் திறந்தார், கிளெனிஸ் படகை வெளியே ஓட்டினார், மெர்வின் கதவை மூடினார். பிறகு மதகை இறக்கப் போனார். அப்போதுதான் படகைக் கட்டிவிட்டு உள்ளே போயிருந்த கிளெனிஸ், "ஓட்கேக் ஆறுது மெர்வ்!" என்று கூப்பிட்டார். ஓட்ஸ் மாவில் வார்த்த இந்த ஊர்த் தோசை. உள்ளே உருகிய சீஸ், பன்றி இறைச்சி. அந்த வாசனைக்கு முப்பத்து நான்கு வருடப் பாதுகாப்புப் பயிற்சி ஈடாகவில்லை. சாவியை மதகின் திருகிலேயே விட்டுவிட்டு வந்து நான்கு தோசை சாப்பிட்டார்.

அந்தச் சாவியின் பிடியில் கிளெனிஸ் சுற்றிய சிவப்புத் துணி இருக்கும். கால்வாய் நெடுகிலும் தெரிந்த சாவி. இன்னும் பத்து நிமிடத்தில் ரேண்டல் அதைப் பார்ப்பார்.

ரேண்டல் சிரித்தால் போகட்டும். பயம் அதற்கல்ல. பயமெல்லாம் பதிவேட்டுக்கு.

இரண்டு வருடம் முன்னால் புகைபோக்கியின் தகர மூடியை எடுக்காமல் அடுப்பு மூட்டி, இரவு உடையோடு இருவரும் பனியில் நிற்க வேண்டியதாயிற்று. போன வருடம் டீசல் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகி இருபது நிமிடம் நிரப்பினார். போன அக்டோபரில் கிளெனிஸ் ஒரு நோட்டு வாங்கி, தொழிற்சாலையில் மெர்வின் கண்டுபிடித்த அதே விபத்துப் பதிவேட்டின் கட்டங்களை அப்படியே வரைந்தார். முதல் கட்டம்: நடந்தது என்ன. இரண்டாம் கட்டம்: காரணம். மூன்றாம் கட்டம்: பொறுப்பு.

"இந்தக் குளிர்காலத்துல மூணாவது கட்டத்துல உன் பேர் ஒரு தடவை வந்தாலும், மார்ச்ல கரையேறிடுவோம். வரலைன்னா, நீ இருக்கிற வரைக்கும் நானும் படகுல இருக்கேன். சரியா?"

மெர்வின் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டைத் தூக்கிப் போட அவரால் முடியாது. அவரே பெற்ற பிள்ளை அது.

கரை என்றால் எது என்பதும் அவருக்குத் தெரியும். முதியோர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு ஒன்று. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குமாம். விழுந்தால் இழுக்க வேண்டும், ஆள் வருவார்கள். "கயிறுன்னா படகைக் கட்டறதுக்கு," என்று மெர்வின் அன்றே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வெளியே நீலச் சட்டைப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஜோலீன். இரண்டு பேரும் கீழ் லாக்கை நோக்கி நடந்தார்கள்.

மெர்வின் பாய்ந்தார். சாய்ந்த படகில் பாய்வது என்பது உருள்வது. உருண்டு பின்கதவுக்கு வந்தால், கரைக்குப் போடும் பலகை சேற்றில் நட்டுக்குத்தலாக நின்றது. கரை ஐந்து அடி தள்ளிப் போயிருந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தார். சேறு அதை முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. திருப்பிக் கேட்டார், காலைக் கொடுத்தது, பூட்ஸைக் கொடுக்கவில்லை. ஒற்றைக் காலுறையோடு படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியபடி, இரண்டு முதுகுகள் லாக்கை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தலாம். கத்தி என்ன சொல்வது?

அப்போது உள்ளே தடால் என்று சத்தம் கேட்டது.

கிளெனிஸ் தரையில் கிடந்தார். தரையும் சுவரும் சேருகிற மூலையில், ஒரு கை மேலங்கியைப் பிடித்திருந்தது. கோட்டு மாட்டும் கொக்கிக்கு எட்டப் போய் வழுக்கியிருக்கிறார்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. இடுப்புதான். எந்திரிக்க வரல."

மெர்வின் தூக்கினார். வழுக்கினார். தொழிற்சாலையில் சுவரொட்டியாக ஒட்டியிருந்த முறைப்படி முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித் தூக்கினார். சுவரொட்டியில் தரை நேராக இருந்தது, இங்கே இல்லை. நாற்காலியைக் கொண்டுவந்தார், நாற்காலி ஓடிப் போயிற்று. அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது அவர் தோளில் ஏதோ பிசகியது. இருபது நிமிடப் போராட்டத்தின் பலனாக இரண்டு பேரும் ஒரே மூலையில் கிடந்தார்கள்.

"போதும் மெர்வ். நெஞ்சு அடைச்சுச் சாகப் போற. அப்புறம் உன்னையும் நான் தூக்கணும்."

அடுப்பைப் பற்றவைக்க வழியில்லை. கதவைத் திறந்தால் கரி தரையில் கொட்டும். குளிரில் பற்கள் தந்தியடித்தன. கிளெனிஸ் மேலங்கியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டதை மெர்வின் பார்த்தார். உடனே ஜன்னலைப் பார்த்தார்.

கரையில் காலடிச் சத்தம். ஜோலீனின் குரல். "அய்யா! மேல் மதகு முழுசாத் திறந்து கிடந்துச்சு. இறக்கிட்டேன். சாவி எதையும் காணோம். யாராவது பசங்க விளையாடியிருப்பாங்க. மேல இருந்து தண்ணி விடறேன். மெதுவாத்தான் விடணும். சாயங்காலத்துக்குள்ள மிதப்பீங்க. உள்ள ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம்!" என்றார்கள் இருவரும் மூலையில் கிடந்தபடி, ஒரே குரலில். உதவி கேட்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியாத பாஷை.

காலடிச் சத்தம் போய்விட்டது. சாவி எதையும் காணோம்! மெர்வினுக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி அவர் சந்தோஷப்படத் தொடங்கியபோது, கிளெனிஸ் மேலங்கியின் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து அவர் மடியில் வைத்தார்.

சிவப்புத் துணி சுற்றிய சாவி.

"நேத்து நீ மூணாவது தோசை சாப்பிடும்போது நாயோட கழுத்து வாரைத் தேடுறேன்னு போனேன்ல?"

"நமக்கு நாயே இல்லையே."

"அதைக்கூட நீ கவனிக்கல. உன் சாவியைத்தான் எடுக்கப் போனேன். எப்பவும் போல நீ விட்டுட்டு வந்திருப்பன்னு தெரியும். இருட்டு. சாவியை உருவிப் பையில போட்டேன், குளிருதுன்னு ஓடி வந்துட்டேன். மதகு ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பார்க்கவே இல்ல. பதிவேட்டை எடு. மூணாவது கட்டத்துல என் பேரை எழுது. உன் விதிதானே அது? கடைசியாத் தொட்டவங்கதான் பொறுப்பு."

உண்மைதான். தொழிற்சாலையையே நடுங்க வைத்த விதி அது. அணைந்துபோன சூளைக்கு, அதன் மேல் தன் சாண்ட்விச்சைச் சூடு பண்ண வைத்த கிழவர் ஒருவரை அந்த விதிப்படிதான் மெர்வின் பொறுப்பாக்கினார்.

பதிவேடு காலடியிலேயே கிடந்தது. அதுவும் உருண்டு வந்திருந்தது. மெர்வின் பேனாவைத் திறந்தார். முதல் கட்டம் எழுதினார்: கால்வாய் வற்றியது. இரண்டாம் கட்டம்: மேல் மதகு இறக்கப்படவில்லை. மூன்றாம் கட்டத்துக்கு வந்து நின்றார். ஒரு பெயரை எழுதினால் படகு இருக்கும், சனிக்கிழமை வீடு பார்ப்பது ரத்தாகும், அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் கரையைப் பற்றிப் பேச முடியாது. விதி அவர் பக்கம். எதிராளியே வாக்குமூலம் கொடுத்தாயிற்று. எதிராளியின் இடுப்பு அவர் தொடையோடு ஒட்டியிருந்தது. அவராலும் தூக்க முடியாமல் போன இடுப்பு.

தொண்டையைச் செருமினார்.

"விதியை நீ சரியாப் படிக்கல, கிளென். கடைசியாகக் கருவியைத் தொட்டவர்னு இருக்கு. மதகுதான் கருவி. சாவி துணைப்பொருள். நாலாவது உட்பிரிவு. நீ தொட்டது துணைப்பொருளை."

"நாலாவது உட்பிரிவா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. இல்லாம நான் சொல்வேனா?"

எழுதினார்: எம். கிளூலோ. பேனா சாய்வில் உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது. எடுக்க யாரும் முயலவில்லை.

கிளெனிஸ் நேற்று மாலை நிரப்பிவைத்த பிளாஸ்க்கிலிருந்து கால் கோப்பை தேநீர் ஊற்றினார். அந்தச் சாய்வில் அதற்கு மேல் ஊற்றினால் நிற்காது. இருவரும் ஒரே கோப்பையில் குடித்தார்கள். எங்கோ மேலே மதகு திறந்து தண்ணீர் வருகிற ஓசை மெல்லக் கேட்டது. படகு இன்னும் அசையவில்லை.

"கிளென்."

"சொல்லு."

"அந்தச் சிவப்புக் கயிறு. தரையில கிடந்துக்கிட்டே எட்டுமா?"

"எட்டும். தரை வரைக்கும் தொங்கவிட்டிருக்காங்களாம்."

மெர்வின் தலையை ஆட்டினார். பிறகு, "எதுக்கும் சனிக்கிழமை போய் இழுத்துப் பார்த்துடணும்," என்றார். "பாதுகாப்புச் சாதனத்தைச் சோதிக்காம விடக் கூடாது."